ஆறு வோல்ட் பேட்டரி: ஒரு கடைக்காரர் வெடிக்கும் என்கிறார், இன்னொருவர் காலையில் வாங்க என்கிறார்

கேள்வி, 14 செப்டம்பர் 2024

காரைக்குடியில் எங்கள் ஐயா ஓட்டிய டாட்ஜ் கிங்ஸ்வே, 1951 மாடல். சொல்லிச் செய்த ஆறு வோல்ட் பேட்டரி, கொள்ளளவு 100 ஏஎச் (ஆம்பியர்-மணி). மூன்று மாதமாக வண்டியை எடுக்கவில்லை. இப்போது செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊரில் இரண்டு பேட்டரி கடைகளில் கேட்டேன். ஒருவர் "ஆறு வோல்ட்டை எங்க சார்ஜர்ல மாட்டினா வெடிச்சிடும், எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். இன்னொருவர் "லாரி பேட்டரியோட கோத்துப் போட்டுடறேன், காலையில வாங்க" என்கிறார். யார் சொல்வது சரி? வீட்டில் 12 வோல்ட் சார்ஜர் இருக்கிறது. அதிலேயே ஒரு அரை மணி நேரம் போட்டால் என்ன?

பதில், 14 செப்டம்பர், இரவு

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அவரவர் கடையில் இருக்கும் சார்ஜர் அப்படி.

முதல் கடையில் 12 வோல்ட் அழுத்தத்தை நிலையாக வைத்து, எல்லா பேட்டரிகளையும் பக்கம் பக்கமாக அதே இரண்டு கம்பியில் மாட்டுகிறவர் இருப்பார். அதில் உங்கள் பேட்டரியைப் போட்டால் 14 வோல்ட் நேராக மூன்று செல்லில் இறங்கும். கொதிக்கும், தகடு வளையும், நெருப்புப் பொறி பட்டால் அவர் சொன்னதும் நடக்கும். இரண்டாவது கடை பழைய பாணி. பேட்டரிகளை ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, மொத்த வரிசைக்கும் ஒரே ஆம்பியரை ஓட விடுகிறார். அங்கே ஆறு, பன்னிரண்டு என்று பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பெட்டியிலும் ஓடுவது அதே கரண்ட். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை ஆம்பியரில் வைப்பீர்கள்? பத்துக்குள் என்றால் கொடுங்கள். லாரி பேட்டரிக்காக 15, 18 என்று ஏற்றி வைப்பார் என்றால் வேண்டாம்.

வீட்டு 12 வோல்ட் சார்ஜரில் அரை மணி நேரம், கால் மணி நேரம் எல்லாம் வேண்டாம்.

கணக்கு சுலபம். ஒரு செல் இரண்டு வோல்ட்டும் கொஞ்சமும். மூன்று செல். முழுசாக சார்ஜ் ஏறி, நாலைந்து மணி நேரம் ஓய்ந்த பேட்டரி 6.3 முதல் 6.4 வரை காட்டும். சார்ஜ் ஏற்றும்போது 7.2 வரை போகலாம். அதைத் தாண்டினால் குமிழ் விடத் தொடங்கும். ஆம்பியர், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. உங்களுக்கு 10. நான் இப்போதெல்லாம் ஐந்துக்கு மேல் வைப்பதில்லை.

மாட்டும்போது சிவப்பு கிளிப் பாசிட்டிவ்வில், கறுப்பு கிளிப் பேட்டரியிலிருந்து தள்ளி பாடியில் ஒரு போல்ட்டில். பொறி வந்தாலும் தள்ளி வரும்.

15 செப்டம்பர், காலை 6 மணி

மேலே கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். தப்பு. தூக்கத்தில் நினைவு வந்து எழுந்து எழுதுகிறேன்.

கிங்ஸ்வே பாசிட்டிவ் எர்த். அதில் பாடிதான் பாசிட்டிவ். நான் சொன்னபடி மாட்டினால் சிவப்பும் கறுப்பும் ஒரே இடத்தில் போய் முட்டும், சார்ஜர் ஷார்ட் ஆகும். உங்கள் வண்டியில் சிவப்புதான் பாடிக்கு. கறுப்பு, செல்ஃபுக்குப் போகும் கம்பி இருக்கும் முனைக்கு.

இன்னும் நல்லது: பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். அப்புறம் எர்த் எது என்ற பேச்சே இல்லை. முனையில் கூட்டல் குறி இருக்கும் பக்கம் சிவப்பு, கழித்தல் பக்கம் கறுப்பு.

கழற்றும்போதும் பழக்கம் குறுக்கே வரும். நம் எல்லோருக்கும் "முதலில் நெகட்டிவ்வைக் கழற்று" என்று கை பழகியிருக்கிறது. உண்மையில் விதி 'எர்த்தை முதலில் கழற்று' என்பதுதான். மற்ற வண்டிகளில் அது நெகட்டிவ்வாக இருப்பதால் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். உங்களுடையதில் முதலில் பாசிட்டிவ். எர்த் இருக்கும்போதே மற்ற முனையில் ஸ்பானரைப் போட்டு, அதன் வால் பாடியில் பட்டால் ஸ்பானர் அங்கேயே ஒட்டிக்கொண்டு சிவக்கும். பார்த்திருக்கிறேன்.

15 செப்டம்பர், இரவு

"நீங்களே பிளிமத் வைத்துக்கொண்டு இப்படித் தப்பாகச் சொல்லலாமா" என்று சேலத்து அண்ணன் கேட்கிறார். நியாயம்தான். தப்பாகச் சொன்னது மட்டுமில்லை, செய்தும் இருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 1950 பிளிமத். கிங்ஸ்வேயும் அதுவும் அண்ணன் தம்பி. டாட்ஜ் பெயர்ப் பலகையும் முகப்பும் மாட்டிய பிளிமத்தான் கிங்ஸ்வே. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் டாட்ஜையும் பிளிமத்தையும் பூட்டி விற்றார்கள். நம் ஊர்ப் பக்கம் இவை இத்தனை இருப்பதற்கு அதுதான் காரணம்.

2011இல் வண்டியை வாங்கினேன். வாங்கிய வீட்டில் அது ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தது. பேட்டரி சுத்தமாகப் படுத்துவிட்டது. மீட்டர் வைத்தால் 0.3 வோல்ட். அதற்கு முன் பார்த்த மெக்கானிக், செல்ஃபுக்குப் போகும் கம்பியில் நல்ல சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். அவர் கண்ணுக்கு லைவ் கம்பி என்றால் சிவப்பு. பேட்டரி முனையில் குறி எதுவும் தெரியவில்லை, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து மூடியிருந்தது. நான் சிவப்பு டேப்பில் சிவப்பு கிளிப்பை மாட்டினேன், கறுப்பை பாடியில் மாட்டினேன், சார்ஜரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்திருந்தால் அந்த நொடியே 'பட்' என்று பொறி வந்து சார்ஜர் ஃபியூஸ் போயிருக்கும், நானும் தப்பித்திருப்பேன். முழுக்கச் செத்த பேட்டரி எந்த எதிர்ப்பும் காட்டவில்லை. சார்ஜர் முள் அழகாக ஆறு ஆம்பியரில் நின்றது, பிறகு நாலுக்கு இறங்கியது. சார்ஜ் ஏறுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

காலையில் மீட்டர் வைத்தால் 5.8. ஆனால் முன்னால் ஒரு சின்னக் கோடு. மீட்டர் கம்பியை மாற்றிக் குத்திவிட்டேன் என்று நினைத்து மாற்றி வைத்தேன், கோடு போய்விட்டது. சரி என்று வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். செல்ஃப் சுற்றியது. இந்த மாதிரி மோட்டார் பேட்டரி தலைகீழானாலும் அதே பக்கம்தான் சுற்றும், அதனால் அதுவும் காட்டிக் கொடுக்கவில்லை. டாஷ்போர்டில் ஆம்மீட்டர் மட்டும், விளக்கைப் போட்டால் 'சார்ஜ்' பக்கம் சாய்ந்தது. விளக்கு போட்டால் சார்ஜ் ஏறும் வண்டி!

நேராக பேட்டரி கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். முனை மாற்றிச் செய்து கொடுத்துவிட்டீர்கள் என்று. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் வென்னீரும் சோடா உப்பும் ஊற்றி முனையைத் தேய்த்தார். பூத்ததெல்லாம் நுரைத்துப் போனது. அடியில் கழித்தல் குறி தெளிவாக இருந்தது. சிவப்பு டேப் சுற்றிய பக்கம் அதுதான்.

பேட்டரி முழுக்க எதிர்ப்பக்கமாக சார்ஜ் ஆகியிருந்தது. ஒரு பல்பை மாட்டி அதை மெதுவாக வடித்து, பிறகு சரியான பக்கமாக ஏற்றினார். வேலை செய்தது. ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை, எட்டு மாதத்தில் முடிந்துபோனது. திட்டியதற்கு மன்னிப்பு கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

16 செப்டம்பர்

குறி அழிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மேலே கூம்பு மாதிரி ஈய முனை இருக்கும் பேட்டரியில் பாசிட்டிவ் முனை கொஞ்சம் பருமன். மேல் விட்டம் கிட்டத்தட்ட பதினேழரை மில்லிமீட்டர், நெகட்டிவ் பதினாறுக்குச் சற்றுக் குறைவு. விரலால் தடவினாலே தெரியும்.

மீட்டர் இல்லாத வீட்டில் உருளைக்கிழங்கு. பாதியாக வெட்டி, பேட்டரியிலிருந்து இரண்டு செம்புக் கம்பியை ஒரு விரல் இடைவெளி விட்டு அதில் குத்துங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பியைச் சுற்றிப் பச்சை பிடிக்கும். அதுதான் பாசிட்டிவ். அந்தக் கிழங்கைக் குழம்பில் போடாதீர்கள்.

19 செப்டம்பர்

கேள்வி கேட்ட காரைக்குடித் தம்பி இரண்டாவது கடையில் கொடுக்கவில்லை, "18ல வைப்பேன்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். வீட்டு 12 வோல்ட் சார்ஜரை எப்படியாவது பயன்படுத்த முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். சார்ஜரின் ஒரு கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவில் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கோர்த்து மாட்டுங்கள். 12 வோல்ட், 55 வாட்ஸ். கரண்ட் பல்பு வழியாகப் போய்த்தான் பேட்டரிக்குள் நுழைய வேண்டும். 14 வோல்ட்டில் பாதியைப் பல்பு தின்றுவிடும். பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியர் போகும். 100 ஏஎச் பேட்டரிக்கு அது இதமான வேகம். பல்பு மங்கலாக, மஞ்சளாக எரியும். சூடாகும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள், பேட்டரி மூடிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

இது பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு மட்டும். இப்போது வரும் புத்திசாலி சார்ஜர்கள் ஆறு வோல்ட்டைப் பார்த்தால் "இது செத்துப்போன 12" என்று தானாக முடிவு கட்டிவிடும். சில ஏற்றவே மறுக்கும். சில சிகிச்சை கொடுக்கிறேன் என்று எதையாவது செய்து வைக்கும்.

19 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். பல்பு தானாக நிறுத்தாது. பேட்டரி நிறைந்த பிறகும் அது பாட்டுக்கு மூன்று ஆம்பியரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பேட்டரி ஒரு வோல்ட் ஏறினாலும் பல்புக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. மணிக்கொரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள். 7.2 தொட்டால் கழற்றுங்கள். இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்குகிற வேலைக்கு இது ஆகாது. எங்கள் கடைக்காரர் சொல்வார், பல்பு வைத்து சார்ஜ் போடுவது பால் காய்ச்சுகிற மாதிரி என்று.

23 செப்டம்பர்

தம்பி ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டை உறிஞ்சி அதன் அடர்த்தியைக் காட்டும் குழாய்) வாங்கிவிட்டார். வாழ்க. மீட்டரைவிட அதுதான் உண்மை பேசும். செல் ஒவ்வொன்றாகக் காட்டும்.

அவர் அனுப்பிய கணக்கு: சார்ஜுக்கு முன் 1.160, 1.155, 1.090. மொத்தம் 5.9 வோல்ட். ஐந்து ஆம்பியர் வரும் ஒரு ஆறு வோல்ட் சார்ஜரை இரவல் வாங்கி 14 மணி நேரம் போட்ட பிறகு 1.225, 1.220, 1.130.

மூன்றாவது செல் போய்விட்டது என்று நினைக்கிறேன். செல்களுக்குள் 50 புள்ளிக்கு, அதாவது 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொதுவாகக் கதை முடிந்தது. கடையில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

24 செப்டம்பர்

அவசரப்பட்டுவிட்டேன். அந்தச் செல்லில் தண்ணீர் குறைந்து தகட்டின் தலை தெரிந்தது என்று இப்போதுதான் சொல்கிறார். தண்ணீர் விட்டது சார்ஜ் முடிந்த பிறகு, மூன்றாவது செல்லை அளந்து பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால். புதுத் தண்ணீர் மேலேயே மிதக்கும். அதைத்தான் ஹைட்ரோமீட்டர் உறிஞ்சியிருக்கிறது. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன்பே மூழ்கும் அளவுக்கு விட வேண்டும். மீதி எல்லாம் சார்ஜ் முடிந்த பிறகு, ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், வழியும்.

இரண்டு ஆம்பியரில் இன்னும் ஒன்றரை நாள் போட்டுப் பாருங்கள். அதுவரை தூக்கிப் போட வேண்டாம். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மூன்று மாதம் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும். வேகமாக ஏற்றினால் வெறும் சூடுதான் மிச்சம். மெதுவாக, நேரம் கொடுத்து ஏற்றினால் கொஞ்சம் கரையும்.

தண்ணீர் என்றால் பங்க்கில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் காயிலின் தூசும் உலோகமும் வரும். ஆசிட் மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர்தான்.

27 செப்டம்பர்

ஒன்றரை நாள் என்றேன், நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லையாம். அதனால் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆனது. இப்போது 1.240, 1.240, 1.205. மீட்டரில் 6.2.

"6.4 வரவில்லையே, நிறையவில்லையா?" என்று கேட்கிறார். என் தப்புதான். முதல் நாள் எழுதிய 6.3, 6.4 என்பது குளிர்நாட்டு ஆசிட்டுக்கான எண். அங்கே 1.265, 1.280 என்று கெட்டியாக ஊற்றுகிறார்கள். நம் வெயிலுக்கு 1.240தான் வழக்கம், கெட்டி ஆசிட் இங்கே தகட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது: ஹைட்ரோமீட்டர் எண்ணோடு 0.84 கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட். 1.240 என்றால் 2.08. மூன்று செல்லுக்கு 6.24. நம் ஊர் பேட்டரிக்கு அதுவே நிறைகுடம். வெளிநாட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு 6.4 வரும்வரை விடாமல் ஏற்றினால் வீணாக வேக வைப்பீர்கள். நானே சில வருடம் அப்படித்தான் வேக வைத்தேன்.

2 அக்டோபர்

பேட்டரியை சிமெண்ட் தரையில் வைக்கலாமா, கீழே பலகை போட வேண்டுமா என்று ஒரு கேள்வி வந்து, அதற்கே பதினெட்டு பதில். என் அப்பாவும் பலகை போடுவார். அந்தக் காலத்துப் பெட்டி கெட்டி ரப்பர், அதற்கும் முன்னால் தார் பூசிய மரம். ஈரம் பட்டால் மேற்பரப்பில் கரண்ட் கசியும். இன்றைய பிளாஸ்டிக் பெட்டி சிமெண்டில் என்ன, கிணற்றுத் திட்டில் வைத்தாலும் கசியாது. நம் ஊரில் சார்ஜ் இறங்குவதற்குக் காரணம் வெயில். பத்து டிகிரி ஏறினால் தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை மாதம் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினால் பலகை என்ன செய்யும்?

ஆனாலும் நான் பலகை போடுகிறேன். ஆசிட் சொட்டினால் தரை வெள்ளையாகப் பொரிந்துபோகிறது.

10 அக்டோபர்

நாளை ஆயுத பூஜை. எல்லோரும் வண்டியைத் துடைத்து, பேட்டரியை சார்ஜ் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கொட்டகைக்குள்ளேயே சூடம் காட்டுவீர்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே பற்றும். மூடிய கொட்டகையில் அது மேலே கூரையில் தேங்கும். இன்று மதியமே சார்ஜரை நிறுத்தி, கதவைத் திறந்து வையுங்கள். ஊதுபத்தியை பானெட்டில் சொருகாதீர்கள்.

கிளிப்பைக் கழற்றும்போதும் அப்படித்தான். முதலில் சுவிட்சை நிறுத்தி, அப்புறம் கிளிப். கரண்ட் ஓடும்போதே பிடுங்கினால் பொறி வரும், வாயு வரும் இடத்திலேயே வரும்.

16 அக்டோபர்

பூஜை முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று தம்பி வருத்தத்தில் இருக்கிறார். பேட்டரி 6.2, செல்ஃப் மட்டும் நடக்கிற வேகத்தில் சுற்றுகிறது. பேட்டரி ஏமாற்றிவிட்டது என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத்திலேயே, கிளாம்பில் இல்லை. இன்னொரு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

17 அக்டோபர்

0.9!

பேட்டரி அந்த நேரத்தில் 5.2. எர்த்தில் 0.9 போகிறது, செல்ஃப் கம்பியில் 0.3. மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது நாலு வோல்ட். எங்கே போனது என்று பார்த்தால், எஞ்சினுக்கு பெயிண்ட் அடித்தபோது எர்த் பட்டை போல்ட் போடும் இடத்துக்கும் சேர்த்து நாலு கோட்டிங். ஷோரூம் மாதிரி பளபளவென்று இருக்கிறது, படம் அனுப்பினார். பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய மாட்டி, மேலே கிரீஸ் தடவச் சொன்னேன்.

12 வோல்ட் வண்டியில் இதே குறை இருந்தால் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். ஆறு வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும். 200 ஆம்பியர் ஓடும் இடத்தில் துளி துருவும் பெரிய அணை. கம்பியும் அப்படித்தான். கடையில் கிடைக்கும் ரெடிமேட் பேட்டரி கேபிளைப் பிடித்துப் பார்த்தால் தடியாகத்தான் தெரியும், பாதிக்கு மேல் ரப்பர். வெல்டிங் கேபிள் வாங்குங்கள், 70 சதுர மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், முனைக்கு லக் அழுத்தியும் தருவார்கள்.

18 அக்டோபர்

ஸ்டார்ட் ஆகிவிட்டது. வீடியோவில் செல்ஃப் சத்தத்தைவிட வீட்டுப் பெண்கள் கைதட்டும் சத்தம் பெரிதாக இருக்கிறது.

கோவை அண்ணன் இந்த இடத்தில் நுழைந்து, "இத்தனை பாடு எதுக்கு, 12க்கு மாத்திடுங்க" என்கிறார். அமெரிக்கக் கம்பெனிகளே 1950களின் நடுவில் மாறிவிட்டன, செவர்லே 1955 மாடலில், ஃபோர்டும் கிரைஸ்லரும் 1956 மாடலில், நீங்கள் ஏன் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று. தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் நானும் ஆமாம் என்பேன். பல்பு, காயில், ரெகுலேட்டர் (டைனமோவின் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்துவது), டைனமோ, ஹாரன், வைப்பர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். பெட்ரோல் முள்ளுக்குத் தனியாக வோல்ட் குறைப்பான். மாதம் இரண்டு தடவை கோயிலுக்குப் போகும் வண்டிக்கு இது தேவையா?

நடுவழியாக எட்டு வோல்ட் பேட்டரி வைக்கிறவர்கள் இருந்தார்கள், நான்கு செல். செல்ஃப் குதிரை மாதிரி சுற்றும். பல்புகள் மட்டும் அடிக்கடி போகும், ரெகுலேட்டரைத் திருத்தாவிட்டால் பேட்டரியும் நிறையாது. எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார். அவர் வண்டிக்கு 'தீபாவளி' என்றே பெயர்.

4 நவம்பர்

மறுபடியும் பேட்டரி இறங்கிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் தெருவை ஒரு சுற்று சுற்றி வருகிறாராம், அதில் சார்ஜ் ஏறும் என்று. ஏறாது. டைனமோ என்பது இன்றைய ஆல்டர்னேட்டர் இல்லை. ஐடிலில் அது சும்மா சுற்றும், ஆம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாயும். ஒரு தடவை செல்ஃப் அடித்ததை ஈடு கட்டவே பைபாஸில் நல்ல வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட வேண்டும்.

ஆனால் வேகத்தில் போகும்போதும் முள் நகரவில்லை என்று அவர் சொன்னதுதான் யோசிக்க வைக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு டைனமோவுக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று நினைவூட்டினீர்களா? எஞ்சின் ஓடாதபோது, ரெகுலேட்டரில் பேட்டரி முனைக்கும் ஆர்மேச்சர் முனைக்கும் ஒரு துண்டுக் கம்பியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். நம் பிளிமத், டாட்ஜ் ஆட்டோலைட் டைனமோவுக்கு இது. ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம், அதன் உள் இணைப்பு வேறு, ரெகுலேட்டர் கருகும்.

6 நவம்பர்

முள் நகர்ந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் 15 ஆம்பியர் காட்டுகிறதாம். பேட்டரி முனையில் 7.3. ரெகுலேட்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறது, 7.2க்கும் 7.4க்கும் நடுவில் இருந்தால் கை வைக்காதீர்கள்.

1 டிசம்பர்

மழைக்கு வண்டியை நிறுத்திவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கப் போவதாகத் தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. மாதம் ஒரு தடவை இரண்டு ஆம்பியரில் ஒரு பகல் போதும், மூன்றாவது செல்லை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஹைட்ரோமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். 1.205இலிருந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

கூடவே ஒரு படமும் போட்டிருக்கிறார். புது வெல்டிங் கேபிள், சுத்தமான முனைகள், கையில் ஸ்பானர். தம்பி, படத்தில் ஸ்பானர் எந்த முனையில் இருக்கிறது பாருங்கள். எர்த் பட்டை இன்னும் மாட்டியேதான் இருக்கிறது. கையை எடுங்கள், அந்தப் பக்கம் போங்கள்.